வீரசிங்கம் செய்த ஆராய்ச்சி

துணிக்கடைக்காரர் மகன் வீரசிங்கத்துக்கு 1912-இல் இரண்டு ஆசைகள்: இலங்கையின் பதுளை டவுனில் கணக்கு வாத்தியார் வேலை, மாமன் மகள் பரிமளம். முதலாவது கிடைத்தால்தான் இரண்டாவது. "தேயிலைத் தோட்டத்துக்கு மலையேறிப் போற மாப்பிள்ளைக்கு என் பொண்ணு கிடையாது" என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார்.

பயிற்சிப் பாடசாலைப் பாதிரியார் அந்த வருடம் ஒரு புதுமை செய்தார். வாத்தியாராகப் போகிறவர்கள் மனப்பாடம் செய்தால் மட்டும் போதாதாம், ஆராயவும் வேண்டுமாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏன் கணக்கு வருவதில்லை? ஆளுக்கொரு தோட்டத்துக்குப் போய்க் கண்டுபிடித்து எழுத வேண்டும். முதலாவதாக வருகிறவருக்கு உடனே வேலை. எங்கே என்று அவர் சொல்லவில்லை. டவுனில்தான் என்று வீரசிங்கம் முடிவுகட்டிக்கொண்டார்.

நமுனுகுலத் தோட்டம் அவர் தலையில் விழுந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோடியில் ஒரு கொட்டகை, அதுதான் பள்ளிக்கூடம். போனதும் கேட்டார்: "காலையில பன்னிரண்டு ராத்தல் கொழுந்து, சாயந்தரம் எட்டு ராத்தல். மொத்தம் எவ்வளவு?"

"பதினாறு!" என்று கொட்டகையே கத்தியது.

தலையில் அடித்துக்கொண்டு எண்களை மாற்றி மாற்றிக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் நாலு குறைந்தது. கடைசியில் பன்னிரண்டு மாம்பழம், எட்டு மாம்பழம் என்று கேட்டுப் பார்த்தார். "இருபது" என்றார்கள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற முகத்துடன்.

"அப்ப கொழுந்து மட்டும் ஏன் பதினாறு?"

இராக்கம்மா என்ற சிறுமி அவர்மேல் பரிதாபப்பட்டாள். "ஒவ்வொரு தடவ நிறுக்கையிலயும் கூடைக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு கணக்கப்புள்ள கழிச்சிருவாருங்க. மாம்பழத்துல யாருங்க கழிப்பா?"

"வெயில் காலத்துலயுமா ஈரம்?"

"ஆமாங்க, வெயில்லயும் ஈரந்தாங்க."

வீரசிங்கத்துக்கு உண்மையாகவே கோபம் வந்தது. முதலிடம் நமக்குத்தான் என்ற சந்தோஷம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது, தராசுக்குத்தான் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அவர்தான் முதல். பாதிரியார் கைகுலுக்கினார். "தோட்டத்துப் பிள்ளைகளை இவ்வளவு புரிந்துகொண்ட உம்மை டவுனில் வைத்து வீணாக்கலாமா?" என்று நமுனுகுலத்துக்கே நியமித்துவிட்டார். பரிமளத்தை டவுனில் ஒரு நகைக்கடைக்காரர் கட்டிக்கொண்டார். தராசை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து வருடம் போனது. தம்பையா என்ற பயிற்சி மாணவர் அதே ஆராய்ச்சிக்காக மலையேறி வந்தார். "ஐயா, இந்தப் பிள்ளைங்களுக்கு ஏன் கணக்கு வரமாட்டேங்குது?"

"டவுன்ல பொண்ணு பார்த்திருக்காங்களா?" என்று கேட்டார் வீரசிங்கம்.

தம்பையா வெட்கத்தோடு, "ஆமாங்க" என்றார்.

"அப்ப பனின்னு எழுதிக்குங்க. பனியில மூளை மந்தமாயிரும்."

தம்பையா எழுதிக்கொண்டார். பிள்ளைகள் காதில் விழாதபடி தணிந்த குரலில்தான் வீரசிங்கம் அதைச் சொன்னார். அந்த அளவுக்கு வெட்கம் அவருக்கு இன்னும் மிச்சமிருந்தது.