விற்ற படத்தின் குரல்

படம் எடுக்கும் பிள்ளைகள் சிலர் வந்து, எடுத்ததை எப்படி விற்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். வாங்குபவன் ஒலியில் கைவைக்க முடியாதபடி எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்பேன். அதை நான் ஒருவனிடம் பட்டுத் தெரிந்துகொண்டேன். அவனுக்கு மரியாதை போட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் முதல் படத்தின் நாயகி யாழ்ப்பாணத்தில், தொண்டைமானாறு ஊரில் மீன் விற்கும் ஓர் அக்கா. நடிப்பு என்றால் என்னவென்று தெரியாமலே கமராவுக்கு முன்னால் நின்று புருஷனைத் திட்டினார். பின்னால் நின்ற நான் அழுதுவிட்டேன். படத்தைக் கொழும்பில் இருக்கும் எங்களூர்க்காரன் ஒருவன் வாங்கினான். கையெழுத்தான பிறகு, அக்காவை வைத்துக்கொண்டே சொன்னான்:

“முகம் நல்லாயிருக்கு. ஆனா உந்தப் பேச்சு வெளியிலை ஓடாது தங்கச்சி. குரலை மாத்துவம்.”

மாட்டேன் என்று சண்டை பிடித்தேன். அவன் கேட்கவில்லை. சென்னையில் யாரோ ஒரு பெண்ணைப் பேசவைத்து அக்காவின் வாயில் ஒட்டிவிட்டான். தொலைக்காட்சித் தொடரில் மருமகள் பேசுவது போல இருந்தது. அக்கா ஒன்றுதான் கேட்டார்.

“என்ரை குரலிலை என்ன பிழை, பிள்ளை?”

யாழ்ப்பாணத் தியேட்டரில் முதல் காட்சிக்கு அவனே எங்களை அழைத்தான். அக்காவை முன்வரிசையில் இருத்தி, “உங்கடை இடம் வரேக்கை நீங்களே கதையுங்கோ” என்றேன்.

திரையில் வாய் திறந்ததும் அக்கா எழும்பி நின்று கதைத்தார். சந்தை இரைச்சலுக்கு மேலால் கேட்டுப் பழகிய குரல். முதலில் சனம் சிரித்தது. பிறகு பின்னாலிருந்து ஒருவர், “படத்தின்ரை சத்தத்தைக் குறையுங்கோ, அக்கா கதைக்கட்டும்” என்றார். படம் ஓட்டியவர் உண்மையாகவே குறைத்துவிட்டார். கடைசிவரை அக்காதான் பேசினார். நான் திரையைப் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற அவனுடைய முகத்தையே ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் வந்து மெதுவாகக் கேட்டான்.

“தங்கச்சி, பழைய ஒலி உங்களிட்டை இருக்கோ?”

“ஓம், இருக்கு.”

“அனுப்பிவிடுங்கோ. அதோடையே ஓட்டுவம்.”

அக்கா என் கையைப் பிடித்தார். “குடுக்காதை பிள்ளை.”

“தரமாட்டன்” என்றேன்.

அதன்பிறகு படம் எந்த ஊருக்குப் போனாலும், அந்த அக்கா வருவாவோ என்றுதான் சனம் அவனைக் கேட்டது. ஒரு கிழமைக்குள் படத்தைத் தியேட்டர்களிலிருந்து தூக்கிவிட்டான். அது என் படமும்தான். எத்தனை பேருடைய உழைப்பு என்றும் தெரியும். அன்றைக்கு நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.