அந்த வரவேற்பறைத் தொட்டியில் இருப்பது செல்லையாவின் மீன்

எங்கள் கம்பனியின் பெரிய முதலாளி ஒரு மீன் திருடர்.

இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னால் இதைவிட மோசமாகச் சொல்வேன்.

ஹட்டன் கிளைக்கு நான்தான் பொறுப்பாக இருந்தேன். கடை வேலைக்கு வருகிற இளம் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள், அந்தப் பிள்ளைகளைப் பழக்குகிறவர்கள். "நல்ல விஷயமா நாலு எழுதுங்க மிஸ்" என்றார்கள். நல்ல விஷயம் நாலு இல்லை. ஒன்று இருந்தது. அதையும் கம்பனிக்காரர்கள் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பொழுது மிச்சம் உள்ளவர்கள்

எங்களுடையது பொழுதுபோக்குச் சாமான் விற்கிற கடை. முன்பக்கம் கம்பளி நூல், பின்னல் ஊசி, மணி, எம்ப்ராய்டரி நூல். நடுவில் பசை போட்டு ஒட்டிச் செய்கிற சின்ன விமானம், கப்பல். பின்பக்கம் முழுக்க மீன் தொட்டி. தலைமை அலுவலகம் கொழும்பில். மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை என்று மூன்று கிளை.

வேலை கிடைத்த அன்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். விழுந்து விழுந்து சிரித்தார். "பொழுது போகாதவனுக்கு ஒரு கடையா? நம்ம சனத்துக்கு எங்க புள்ள பொழுது மிச்சம் இருக்கு?"

மிச்சம் இருந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் கம்பளி நூல் வாங்கினார்கள். பஸ் சாரதி ஒருவர் விமானம் விமானமாக வாங்கி ஒட்டினார். தேயிலை ஃபெக்டரி ஆட்கள் மீனுக்கு வந்தார்கள். தோட்டத்தை நடத்துகிற துரைமாருக்குக் கோல்ஃப் இருந்தால் எங்களுக்கு ஒரு மீன் தொட்டி இருக்கக்கூடாதா?

மீன் வார்டு

கொழும்பில் மீன் விற்பது பெரிய வேலை இல்லை. இங்கே குளிர். கலர் மீன்களில் பாதி வெப்பமான நாட்டு மீன்கள். தொட்டிக்குள் ஹீட்டர் போடாவிட்டால் ஓரமாய் ஒதுங்கி, சாப்பிடாமல் கிடந்து, செத்துப் போகும். ஹீட்டருக்குக் கரண்ட் வேண்டும். நம் பக்கம் மழை பெய்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கம்பி அறும், கம்பி அறுந்தால் யார் வந்து எப்போது கட்டுவார்கள் என்று கடவுளுக்கே தெரியாது.

எங்கள் கடையில் ஜெனரேட்டர் இருந்தது. ஒரு முறை நீண்ட கரண்ட் கட் வந்தபோது ஒருவர் தன் மீனைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து, "கரண்ட் வர்ற வரைக்கும் வச்சிருங்க மிஸ்" என்றார். வைத்தேன். அடுத்த முறை ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பின்வரிசைத் தொட்டிகளை அதற்கென்றே ஒதுக்கினேன். கண்ணாடியில் மார்க்கர் பேனையால் ஆள் பெயரும் ஊர் பெயரும் எழுதுவேன். சனம் அதற்கு 'மீன் வார்டு' என்று பெயர் வைத்தது. காசு வாங்கவில்லை. ஆனால் ஹீட்டர், ஃபில்டர், தீனி என்று எல்லாவற்றையும் எங்களிடமே வாங்கினார்கள். மூன்று கிளைகளில் ஹட்டன்தான் அதிகம் விற்றது. ஏன் என்று தலைமை அலுவலகம் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தொரை

டயகமவில் செல்லையா என்று ஒருவர். ஃபெக்டரியில் கொழுந்து காய வைக்கிற மெஷினில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு ஃபிளவர்ஹோர்ன் இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நெற்றியில் பெரிய மேடு உள்ள சிவப்பு மீன். மகா திமிர். வேறு மீனைப் பக்கத்தில் விட்டால் கடித்தே கொல்லும். கண்ணாடிக்கு வெளியே ஆள் நின்றாலும் அடிக்க வரும்.

செல்லையா அதற்குத் 'தொரை' என்று பெயர் வைத்திருந்தார்.

"மண்டையப் பாருங்க, நடையப் பாருங்க, வேற என்ன பேர் வைக்கிறது?" என்பார். "காலம் பூரா தொரைகிட்ட ஏச்சு வாங்குனேன் மிஸ். இது நான் சோறு போட்டு வளக்கிற தொரை."

தினமும் விடியற்காலையில் ஒரு மஞ்சள் இனாமல் கப்பில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் போய் நிற்பாராம். அந்தக் கப்பைக் கண்டால் தொரைக்கு ஆகாது. ஒரு நாள் அது கை தவறித் தொட்டிக்குள் விழுந்ததிலிருந்து பகை. ஆளை ஒரு தரம் முட்டிவிட்டு விட்டுவிடும்; கப்பைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிடித்தால், எடுக்கும் வரை பாய்ந்து பாய்ந்து வந்து மண்டையால் முட்டும். செல்லையா இதற்கு 'பெரட்டு' என்று பெயர் வைத்திருந்தார். தோட்டத்தில் காலையில் ஆளெடுத்து, ஏசி, வேலைக்கு அனுப்புகிற அதே பெரட்டுதான். இங்கே ஏசுவது செல்லையா, முட்டுவது தொரை.

அவர் மனைவி மாரியாயி அக்காவுக்கு அதைப் பிடிக்காது. ஒரு முறை கடைக்கு வந்து என்னிடமே சொன்னார்: "எனக்கு ஒரு நல்ல கம்பளி இல்ல. அந்த மொட்ட மண்டைக்கு ஹீட்டர். நீங்க இதெல்லாம் வித்து நல்லா இருங்க."

வாளிக்கு டிக்கட்

கடைசி மழைக்காலத்தில் டயகமப் பக்கம் கரண்ட் போய்விட்டது. செல்லையா தொரையை வாளியில் போட்டு, கம்பளியால் சுற்றி, பஸ்ஸில் ஹட்டனுக்குக் கொண்டு வந்தார். வந்து இறங்கியதும் கொண்டக்டரைத் திட்டிக்கொண்டே கடைக்குள் நுழைந்தார்.

"வாளிக்கும் டிக்கட் எடுக்கணுமாம் மிஸ். சீட்ல ஒக்காரலப்பா, நின்னுக்கிட்டுத்தான் வருதுன்னேன். பஸ்ஸே சிரிக்குது. அப்பவும் விட மாட்டேங்குறான்."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன். தொரைய டிக்கட் இல்லாம கூட்டிட்டு வந்தா மருவாதியா?"

பின்வரிசை மூலைத் தொட்டியில் விட்டோம். கண்ணாடியில் 'செல்லையா, டயகம' என்று எழுதினேன். "கரண்ட் வந்தவுடன வர்றேன். சண்டைக்குப் போகாம இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி எல்லாம் ஒன்லைன்

அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மலையகத்துக் கிளைகள் மூன்றும் மூடப்படும். இனி எல்லாம் ஒன்லைன். வாடிக்கையாளர்களுக்கு இது இன்னும் வசதி என்று சொல்லச் சொன்னார்கள்.

சொன்னேன். கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர் பாதி பின்னிய ஸ்வெட்டரைக் கவுன்டரில் போட்டார். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கம்பளி நூல் ஒவ்வொரு முறை சாயம் போட்டு வரும்போதும் நிறம் கொஞ்சம் மாறும். அதனால் ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய நூலை ஒரே சாயத்தில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அவர்கள் கேட்கிறபோதெல்லாம் இரண்டிரண்டு உருண்டையாகக் கொடுப்போம்.

"மிச்ச நூல் எங்க மிஸ்?"

"வெளி ஊர் ஸ்டோருக்கு மொதல்லயே ஏத்திட்டாங்க அக்கா. ஒன்லைன்ல வருமாம்."

"அதே பச்சை வருமா?"

"தெரியாது."

"அப்ப ஒரு கை அடர் பச்சை, ஒரு கை இளம் பச்சையா? எம்மகன் என்ன கிளியா?"

அந்த அக்காவும் டயகம. டயகமவில் ஃபோனுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் மலை உச்சிக்கு ஏற வேண்டும். உச்சியில் நின்று பச்சையைத் தேர்ந்தெடுங்கள் என்றா சொல்வது?

வார்டில் இருந்த மீன்களின் சொந்தக்காரர்களுக்கு நான் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். எல்லோரும் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். செல்லையா மட்டும் வரவில்லை. வழியில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. செய்தி கிடைத்து, மலை உச்சிக்கு ஏறி நின்று எனக்கு அழைத்தார். "பாதைய நாளைக்குத் தொறந்துருவாங்களாம், காலையில மொத பஸ்ல வந்துடுறேன் மிஸ்" என்றார். கடைச் சாமானை ஏற்ற லொறி வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதனால் நானும் சரி என்றேன்.

லொறி அன்று மத்தியானமே வந்து நின்றது.

கண்ணாடிக்கு உள்ளே

லொறியோடு கணக்குப் பார்க்கிற ஓடிட் சேர் ஒருவர் வந்திருந்தார். தமிழ் ஆள்தான், கொழும்பு. கையில் டெப்லட். வந்ததும் மீன்களை எண்ணத் தொடங்கினார். மூலைத் தொட்டிக்கு வந்து நின்றார்.

"சேர், அது கடை மீன் இல்ல. கஸ்டமருடையது. பேர் எழுதியிருக்கு பாருங்க."

"கடைக்குள்ள கஸ்டமருடைய மீன் எப்படி வரும்?"

வார்டைப் பற்றிச் சொன்னேன். ஜெனரேட்டரைப் பற்றிச் சொன்னேன். அவர் நான் கதை விடுவது போல் பார்த்தார்.

"அப்படி ஒரு சேவை நம்ம சிஸ்டத்தில இல்லையே மிஸ்."

"சிஸ்டத்துல இல்ல சேர். தொட்டியில இருக்கு."

"கண்ணாடிக்கு உள்ள இருக்கிறதெல்லாம் ஸ்டொக். அவ்வளவுதான்."

"கடைக் கண்ணாடிக்கு உள்ளதான் நானும் நிக்கிறேன். என்னையும் எண்ணிக்கங்க."

"உங்கள எண்ணித்தான் கடையையே மூடுறாங்க."

அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. ஒரு இரவுக்கு மீனை என் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், காலையில் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஸ்டொக்கை வீட்டுக்குக் கொண்டுபோனால் அதற்குப் பெயர் களவு என்றார். செல்லையாவுக்கு அழைத்துத் தருகிறேன், நீங்களே பேசுங்கள் என்றேன். டயகமவில் சிக்னல் இல்லை. மறுபடி மறுபடி அடித்தும் கிடைக்கவில்லை.

அதற்குள் அவர் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். தொரை பாய்ந்து வந்து அவர் மூக்குக்கு நேரே கண்ணாடியை முட்டியது. மனிதர் ஒரு அடி பின்னால் தாவினார். பிறகு சிரித்தார்.

"நல்ல மண்டை. பெரிய சேர் தனக்கு இப்படி ஒன்று வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்."

சொல்லிக்கொண்டே ஈரத் துணியை எடுத்து, கண்ணாடியில் இருந்த செல்லையாவின் பெயரைத் துடைத்தார். என் கண் முன்னால். துடைத்த துணியை என் கையிலேயே கொடுத்தார்.

பிறகு ஒக்சிஜன் அடித்து, இரட்டைப் பையில் கட்டி, பெட்டியில் வைத்து ஏற்றினார்கள். கட்டிய ஆளுக்கு வேலை தெரியவில்லை. நானே சரியாகக் கட்டிக் கொடுத்தேன். வழியில் சாகக்கூடாது அல்லவா.

வெறும் வாளி

மறுநாள் பாதை திறந்தது. செல்லையா வாளியோடும் கம்பளியோடும் வந்தார். ஷட்டர் இறக்கியிருந்தது. நான் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன மிஸ், இன்னைக்கு லேட்டாத் தொறக்குறீங்களா?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் வாளிக்குள் கம்பளியை ஒழுங்காக மடித்து வைத்தார். பிறகு கேட்டார்:

"பேர் எழுதியிருந்துச்சே?"

"தொடச்சிட்டாங்கண்ணே."

"எழுத்தத் தொடைக்கலாம். தொடச்சா நான் போயிருவேனா?"

அங்கேயே நின்று தலைமை அலுவலகத்துக்கு அழைத்தேன். மெயில் போடச் சொன்னார்கள். போட்டேன். கிளை மூடப்பட்டுவிட்டதால் முறைப்பாட்டைக் கிளைப் பொறுப்பாளர் மூலமாக அனுப்பவும் என்று பதில் வந்தது. கிளைப் பொறுப்பாளர் நான். வேலையை விட்டு அனுப்பியவர்களும் அவர்களே. இதைவிட நன்றாக ஒரு மனிதரைச் சுற்ற வைக்க முடியாது.

சில வாரம் கழித்து மாரியாயி அக்காவை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கண்டேன். மீன் போனது அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

"அவரு பேசுறதே இல்ல மிஸ்" என்றார். "முன்னயெல்லாம் விடிஞ்சா அந்த மொட்டைய ஏசுவாரு, நான் அவர ஏசுவேன், வூடு வூடா இருந்துச்சு. இப்ப தேத்தண்ணிய ஊத்தி வச்சுக்கிட்டு வெறுந் தொட்டியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு. சோறு போட்டாலும் ஏன்னு கேக்க மாட்டேங்குறாரு. வேற மீன் வாங்கித் தரவான்னேன். அதுக்கு மட்டும் வாயத் தொறந்து வேணாம்னாரு."

கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தச் சனியன எப்படியாவது வாங்கிக் குடுங்க மிஸ்."

படம்

போன மாதம் கம்பனி தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு படம் போட்டது. புதிய ஒன்லைன் சேவையின் தொடக்க விழா. தலைமை அலுவலக வரவேற்பறை. பெரிய முதலாளி குத்துவிளக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு தொட்டி. அதில் தொரை.

எனக்கு அடையாளம் தெரியும். ஹீட்டரில் மோதி மேல் செட்டையின் நடுவில் கிழிந்த இடம் அப்படியே இருக்கிறது. நெற்றி மேடுதான் வற்றிப் போயிருக்கிறது. அந்த மீன் சண்டைக்கு ஆள் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும்.

படத்தின் கீழே 'இது டயகம செல்லையாவின் மீன்' என்று எழுதினேன். அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன். என்னைத் தடுத்துவிட்டார்கள். கண்ணாடியைத் துடைத்த அதே கைதான் போலிருக்கிறது.

கடை வேலைக்கு வருகிற பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். கடையை மூடலாம். ஆனால் சனம் நம்பி உள்ளே வைத்ததை அவரவர் கையில் கொடுத்த பிறகுதான் ஷட்டரை இறக்க வேண்டும். லொறி முன்கூட்டி வந்தால் லொறி காத்திருக்கட்டும். அதற்கு டீசல் செலவு மட்டும்தான்.

இனி முதலாளிக்கு.

ஐயா, அது உங்கள் மீன் என்றால் நிரூபிப்பது சுலபம். ஒரு மஞ்சள் இனாமல் கப் வாங்குங்கள். உங்களுடைய ஒன்லைன் கடையில் இருந்தால் அதிலேயே வாங்குங்கள். அந்தத் தொட்டிக்கு முன்னால் பிடியுங்கள். அதை வீடியோ எடுத்து, விழாப் படம் போட்ட அதே பக்கத்தில், எல்லோரும் பார்க்கப் போடுங்கள். மீன் சும்மா இருந்தால், நான் இங்கே முதல் வரியில் எழுதியதற்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

கப்பை எடுக்கும் வரை பாய்ந்து பாய்ந்து வந்து முட்டினால், அது யாருடைய மீன் என்று உங்கள் வாயால், உங்கள் பெயரைப் போட்டு, அங்கேயே சொல்லுங்கள். என்றைக்குக் கொண்டு வருகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். செல்லையா வாளியோடு வந்து நிற்பார்.