கை இல்லாத பாப்பா

டீச்சரின் பட்டறையில் கடைசித் தீர்ப்பு சொல்வது மூட்டைப்பாப்பாதான். பழைய ஜீன்ஸ் துணியில் தைத்து, மணலை அடைத்து, தலைக்கு இன்னும் கொஞ்சம் மணலைத் திணித்து இறுக்கிக் கட்டிய பொம்மை அது. இரண்டு வயதுப் பிள்ளையின் கனம் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குத் தலைதான் பாரம் என்பதால் அதற்கும் அப்படியே. கண்ணும் வாயும், பட்டறையில் வர்ணம் பூசுகிற பெண் சும்மா இருந்த நேரத்தில் வரைந்தது. ஒரு கண் கொஞ்சம் மேலே ஏறிப்போய்விட்டதால், யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுவது போலவே இருக்கும்.

புதிதாக எதைச் செய்தாலும் முதலில் அதன்மேல் மூட்டைப்பாப்பாவை ஏற்ற வேண்டும். நாற்காலி என்றால் உட்கார வைத்து ஆட்டுவார்கள். கட்டில் என்றால் உருட்டிவிடுவார்கள். பாப்பா விழாமல் இருந்தால் சாமான் வெளியே போகும். விழுந்தால் மறுபடியும் வரைபடம், மறுபடியும் மரம். அதில் தாட்சண்யமே கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டவரே டீச்சர்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது அவர் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. ஆனால் நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்த காலத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டின கணவரே 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பள்ளியில் பெரியவர்களின் நாற்காலியைக் காலை வெட்டிக் குட்டையாக்கி, அதில்தான் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். பலகை அகலம் குறையாததால் பிள்ளைகளின் முதுகு சாய்மானத்தைத் தொடவே தொடாது. நாள் முழுக்க நெளிந்துகொண்டே இருக்கும். "உட்காரத் தெரியாத பிள்ளைங்க" என்று தலைமையாசிரியை திட்டுவார். உட்காரத் தெரியாதது பிள்ளைக்கா நாற்காலிக்கா என்று டீச்சருக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலில் தன் மகளுக்கு ஒரு நாற்காலி வரைந்து செய்யச் சொன்னார். பார்த்தவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களுக்குச் செய்யப்போய், டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு மிஷின், ஒரு மேஸ்திரி, அவருக்குக் கீழே ஓர் ஆள், வர்ணத்துக்கு ஒரு பெண் என்று அது தொழிலாகிவிட்டது. கணவர் வேலையை விட்டுவிட்டு வேன் ஓட்ட வந்தார். "முதலாளி நீ, டிரைவர் நான். வீட்டுலயும் அப்படித்தானே" என்பார்.

வெளிர் நிற மரம், மழுங்கின மூலைகள், ஒரு பூ வேலைப்பாடு கிடையாது, கரடி பொம்மை ஒட்டுவது கிடையாது. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே பலகை முடிகிறது என்று தெரியாது. இந்தக் காலத்து வீடுகளுக்கு அது பிடித்திருந்தது.

எல்லாவற்றிலும் நன்றாக ஓடியது 'குட்டி மேடை'. சமையலறையில் அம்மா வேலை செய்யும்போது பிள்ளை ஏறி நின்று பார்க்கிற மேடை. மூன்று பக்கம் கைப்பிடிச் சட்டம். ஏறுகிற பின்பக்கத்தில், பிள்ளை ஏறியதும் மாட்டிவிட ஒரு குறுக்குச் சட்டம். அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் வினை வந்தது.

இணையத்தில் போட்டிருந்த படத்தை யாரோ ஒருத்தி பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு மேடையா, ஆட்டுக்குட்டிக்குக் கூண்டா?" என்று எழுதிவிட்டாள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. டீச்சருக்குச் சுருக்கென்றது. தன் சாமானை அழகில்லை என்று சொன்னால் அவரால் தாங்க முடியாது. பெற்ற பிள்ளையைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார். மறுநாளே குறுக்குச் சட்டத்தை எடுத்துவிட்டு ஒன்று செய்யச் சொன்னார். அது வந்து நின்றபோது பட்டறையே கொஞ்ச நேரம் பார்த்தது. அவ்வளவு லேசாக, அவ்வளவு அழகாக இருந்தது. படம் எடுக்கிறவர் வேறு வெளிச்சம் போய்விடும் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

மூட்டைப்பாப்பாவை ஏற்றினார்கள். மேஸ்திரி அதை ஒரு விரலால் லேசாகத் தட்டினார். அது பின்பக்கமாகப் போய்த் தரையில் தொம்மென்று விழுந்தது.

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் மேடையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அதுக்கென்ன கையா இருக்கு, பிடிச்சுக்க? பிள்ளைங்கன்னா பிடிச்சுக்கும்."

முதலில் மேஸ்திரி சிரித்தார். வர்ணம் பூசுகிற பெண், "பாவம், ஊனமான பாப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே சோதனை முடிந்து, படம் எடுத்து, சாமான் வெளியே போய்விட்டது. முன்னைவிட அதிகமாகப் போனது. கூண்டு என்றவளே ஒன்று வாங்கினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் முற்பகலில், மிஷின் சத்தத்துக்கு நடுவே, வாசலில் ஓர் இளம் தாய் வந்து நின்றாள். பக்கத்தில் ஒரு குட்டி மேடை. அதன் விளிம்பில் ஓர் ஓரம் தெறித்திருந்தது.

"ரிப்பேர் பண்ணணுமாம்மா?" என்றார் டீச்சர்.

"இல்லக்கா. திருப்பிக் குடுக்க வந்தேன். காசெல்லாம் வேண்டாம். கவனமா இருக்கிற அம்மா யாருக்காவது குடுத்துடுங்க."

டீச்சர் அவளை உள்ளே கூப்பிட்டார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவள் அழவில்லை, பல பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய கதையைப் போலச் சொன்னாள். மகன் மேடையில் நின்றிருக்கிறான். இவள் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் சோப்புக் குமிழி ஊதிக் காட்டியிருக்கிறாள். அந்த நேரம் ஆபீஸிலிருந்து ஃபோன். காதில் வைத்துக்கொண்டு அரைக் கணம் திரும்பியிருக்கிறாள். அவன் குமிழியைப் பார்த்துச் சிரித்துக் கைதட்டி, அப்படியே பின்னால் போய்விட்டான். முன்கை முறிந்து மாவுக்கட்டு.

"பிள்ளை பெத்த பிறகு இப்பதான் திரும்ப வேலைக்குச் சேர்ந்தேன். ஃபோன் முக்கியமா பிள்ளை முக்கியமான்னு வீட்ல கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது? வேலையை விட்டுடப் போறேன். மாசக் கடைசியில எழுதிக் குடுக்கணும்."

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்று வாய் சொன்னது. அவள் கும்பிட்டுவிட்டுப் போன பிறகும் டீச்சர் உட்கார்ந்த ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

கைதட்டினான். அந்த ஒரு சொல்தான் அவரைப் பிடுங்கித் தின்றது. எத்தனை வருஷம் நர்சரியில் இருந்தவர் அவர்! சந்தோஷம் வந்தால் பிள்ளைகள் கையில் இருப்பதையெல்லாம் விட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? பிஸ்கட்டை விடும், பென்சிலை விடும், பக்கத்துப் பிள்ளையின் கையை விடும். பிள்ளைக்குக் கை இருப்பது பிடித்துக்கொள்வதற்கு என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் நம்பலாம். அவர் நம்பியிருக்கக் கூடாது. நம்பவும் இல்லை. அழகுக்கு ஆசைப்பட்டு, வாய்க்கு வந்த ஒரு சப்பைக்கட்டு.

மேஸ்திரி மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். "நீங்க ஒண்ணும் சொல்லிடலையே டீச்சர்?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. அந்தப் பொண்ணே நம்மள ஒண்ணும் சொல்லல. நாமளா வாயைக் குடுத்து வம்பை விலைக்கு வாங்கணுமா? இனிமே சட்டம் போட்டே அனுப்புவோம். ஏற்கெனவே வாங்கினவங்களுக்கும் ஒண்ணு அறுத்து அனுப்பிடுவோம். கம்பெனி பரிசுன்னு சொல்லிக்கலாம்."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. நாலு குடும்பம் அந்தக் கொட்டகையை நம்பி இருந்தது. அவருடையதும் அதில் ஒன்று. டீச்சரும் தலையாட்டினார். மற்ற வேலையையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு சட்டங்களை அறுத்தார்கள், தேய்த்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள். 'உங்கள் செல்லத்துக்கு எங்கள் அன்புப் பரிசு. அவசியம் உடனே மாட்டிவிடுங்கள்.' கணவர் வீடு வீடாகக் கொண்டுபோய், தானே மாட்டிவிட்டும் வந்தார். ஒரு வீடு பாக்கியில்லை.

நன்றிகள் வந்து குவிந்தன. பிள்ளைகள் மஞ்சள் ரிப்பனோடு நிற்கிற படங்கள். 'விற்ற பிறகும் இவ்வளவு அக்கறையா!' என்று ஒருவர். 'தாயுள்ளம்' என்று இன்னொருவர். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் டீச்சருக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் ஆபத்து நீங்கிவிட்டது, உண்மைதான். ஆனால் ஒரு வீட்டில் ஒருத்தி, இவர் செய்த தப்பைத் தன் தப்பு என்று நினைத்துச் சுமந்துகொண்டிருக்கிறாள். மாசக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று வேனில் வீடு திரும்பும்போது கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார், விழுந்த பாப்பாவையும் சேர்த்து. அவருக்கு அதுவரை தெரியாது. வழக்கமான கேலி எதுவும் வரவில்லை. சிக்னலில் நின்றபோது மட்டும் சொன்னார்:

"அந்த மஞ்சள் ரிப்பனை எல்லா வீட்டுலயும் என் கையாலதானே குடுக்க வச்ச."

அதற்குப் பிறகுதான் டீச்சர் அந்த இளம் தாய்க்கு ஃபோன் போட்டார். "அந்த மேடையில பின்னாடி ஒரு சட்டம் இருந்திருக்கணும்மா. நான்தான் எடுத்துட்டேன். தப்பு உங்க மேல இல்ல, என் மேல."

மறுமுனையில் அவள் மெல்லச் சிரித்தாள்.

"எனக்குப் புரியுதுக்கா. நான் அன்னைக்கு அப்படிப் பேசினதுல உங்களுக்கு மனசு கேக்கல. எவ்வளவு பேரு வாங்கியிருக்காங்க, வேற யார் வீட்லயாவது விழுந்துச்சா? என் வீட்ல மட்டும்தானே? எனக்காகப் பழியை உங்க மேல போட்டுக்காதீங்க. நீங்க ரொம்ப நல்லவங்க."

வைத்துவிட்டாள். டீச்சருக்கு ஒரு கணம் அப்பாடா என்றிருந்தது. சொல்லியாயிற்று, அவள் நம்பவில்லை, நான் என்ன செய்ய? அந்த 'அப்பாடா'வை நினைத்துத்தான் அவர் பிறகு வெட்கப்பட்டார். பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த விடுமுறை நாளில் தெறித்த ஓரத்தோடே அந்த மேடையையும், மூட்டைப்பாப்பாவையும் வேனில் ஏற்றினார். கணவர் ஒன்றும் கேட்காமல் பாப்பாவுக்கு சீட் பெல்ட் மாட்டினார். விலாசம் அவருக்குத் தெரியும். மேடையைக் கொண்டுபோய் இறக்கியவரே அவர்தானே.

கதவைத் திறந்தது அவளுடைய மாமியார். முகம் சுளிக்காமல் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும், "அட, அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? சாமான் என்னம்மா பண்ணும்? பெத்தவளுக்கு இருக்கணும் கவனம்" என்றார். கோபமாகக்கூட இல்லை, ஊரறிந்த விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். சமையலறை வாசலில் நின்ற மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் தொங்கிய மாவுக்கட்டுக் கையோடு அந்தப் பையன் நின்றான்.

டீச்சர் உட்காரவில்லை. மேடையைக் கூடத்தின் நடுவில் வைத்தார். மூட்டைப்பாப்பாவை அதன்மேல் நிறுத்தினார். "இதைக் கொஞ்சம் பாருங்கம்மா" என்று சொல்லி ஒரு விரலால் தட்டினார்.

தொம்.

"பாப்பா விழுந்துச்சு!" என்று பையன் கத்தினான்.

மாமியார் பொம்மையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார். இளம் தாய் மெதுவாக முன்னால் வந்தாள்.

"இந்த பொம்மை எதுக்கு?"

"வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி வச்சுப் பார்ப்போம்."

"இதையும் வச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம்."

"அன்னைக்கும் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

அவள் வாயிலிருந்து 'அக்கா'வும் போய்விட்டது, 'நீங்க ரொம்ப நல்லவங்க'வும் போய்விட்டது. டீச்சர் வந்ததே அதற்காகத்தான். ஆனாலும் போனபோது வலித்தது.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா? என்ன நினைச்சுக் குடுத்தீங்க?"

டீச்சர் வாயைத் திறந்தார். "அதுக்குக் கை இல்ல, பிள்ளைங்கன்னா பிடிச்சு..." பையனின் மாவுக்கட்டு நேர் எதிரே இருந்தது. அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை.

இவ்வளவு நாளும் அழாதவள் இப்போது அழுதாள். அழுதுகொண்டே உள் அறைப் பக்கம் திரும்பி, "என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று உரக்கக் கூப்பிட்டாள். அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்திப் பல நாளாகியிருக்க வேண்டும். மாமியார் எழுந்தே நின்றுவிட்டார். கணவன் வந்து, புரியாமல் எல்லோரையும் பார்த்தான்.

"இன்னொரு தடவை வைங்க" என்றாள் டீச்சரிடம். "அவரும் பார்க்கட்டும்."

டீச்சர் குனிந்து மூட்டைப்பாப்பாவைத் தூக்கினார். மேடைமேல் நிறுத்தினார். அதற்குள் பையன் ஓடிவந்து, நல்ல கையால் பாப்பாவின் ஜீன்ஸ் துணியைத் தடவிக்கொடுத்தான். தனக்குத் தினமும் சொல்லப்படுவதை அதற்குச் சொன்னான்.

"கெட்டியா பிடிச்சுக்கோ பாப்பா."

அவன் அம்மா அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ம், தள்ளுங்க" என்றாள்.

டீச்சர் விரலை நீட்டினார்.