அந்தப் படிப்பில் என்ன வரும்?

ஜார்ஜ் டவுனில், மலாய்க்காரர்கள் நாசி கண்டார் என்று சொல்லும் எங்கள் சோற்றுக்கடையில் விலைப்பலகை கிடையாது. சோற்றின் மேல் இந்தக் கறி, அந்தக் குழம்பு என்று கேட்டு வாங்கியவரின் தட்டை என் அண்ணன் ஷேக் அலாவுதீன் ஒரு பார்வை பார்ப்பார். "பதிமூணு வெள்ளி" என்பார். அந்தக் காசை நான் கல்லாவில் வாங்கிப் போடுவேன். அண்ணன் சொன்ன விலையில் பேரம் பேசிய உள்ளூர்க்காரரை நான் கண்டதில்லை.

அவரால் விலை சொல்ல முடியாத ஒரே பொருள், மகள் அஃப்ரீன் படித்த படிப்பு. கோலாலம்பூருக்குப் போய் எழுத்துக்கலையில் பட்டம் வாங்கி வந்தாள்.

"டாக்டர் படிப்பு தெரியும், எக்கவுண்ட் தெரியும். எழுதுறதுக்கு எதுக்கு யூனிவர்சிட்டி? ஸ்டாண்டர்ட் ஒன்லயே எழுதத் தெரிஞ்சவதானே?" என்றார் அண்ணன்.

இப்படிக் கேட்டவர்தான் கடை வேனை விற்றுப் பணமும் கட்டினார். அதனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் "போட்ட முதல் எப்ப திரும்பும்?" என்று கேட்கும் உரிமை தனக்கு உண்டென்று நினைத்துக்கொண்டார்.

அஃப்ரீன் கடை மாடியில் உட்கார்ந்து எழுதுவாள். பல் டாக்டர் ஒருவரின் இணையப் பக்கத்துக்கு எழுதினாள். பாலிக் புலாவ் பழத்தோட்டக்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தாள். அந்த மகராசன் காசுக்குப் பதில் ஒரு கூடை டுரியான் அனுப்பிவைத்தார். அண்ணன் சுளை சுளையாக முழுங்கிவிட்டு, "இத வச்சு கரண்ட் பில் கட்டலாமா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் வாய் நிறைய டுரியான் வைத்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

கடைசியில் கெடு வைத்தார். "ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாப்போம். மாசா மாசம் வருமானம் வரலன்னா கல்லாவுல வந்து உக்காரு. உன் மாமிக்கும் முட்டி வலி."

முட்டி வலி எனக்கு. அதைச் சாக்காக வைக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. அஃப்ரீன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு தெரு தள்ளிச் சின்ன ஹோட்டல் நடத்தும் நோர்மா அவளைத் தேடி வந்தார். தங்க வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் எங்கே, எப்படிச் சாப்பிடலாம் என்று ஒரு சிறு கையேடு வேண்டுமாம். அஃப்ரீன் எழுதினாள். எங்கள் கடையையும் சேர்த்தாள். அச்சாகி வந்ததும் ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பக்கத்தைத் தன் அத்தாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

"கறி நன்றாக இருக்கும். விலை எழுதியிருக்காது. மீன் முட்டை, பெரிய இறால் போன்ற விலை கூடியவற்றை வாங்கும் முன் விலையைக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்."

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "பெத்த மகளே கடைக்கு வேட்டு வச்சிட்டா! நாம என்ன ஏமாத்துக் கடையா நடத்துறோம்?"

"கேக்காம வாங்கிட்டு அப்புறம் மாமிகிட்ட சண்ட போடுறாங்கல்ல அத்தா? அதுக்குத்தான் எழுதுனேன்."

அவள் சொன்னது உண்மை. தட்டை நிரப்பும்போது இருக்கிற சிரிப்பு வெளியூர்க்காரருக்குக் கல்லாவில் இருக்காது. விலை சொல்பவர் அண்ணன், வசவு எனக்கு.

அதன்பின் கையும் கையேடுமாக ஆட்கள் வந்தார்கள். மீன் முட்டையைக் காட்டி விலை கேட்டார்கள். அண்ணன் முதலில் உர்ரென்று சொன்னார். போகப் போகச் சாதாரணமாகச் சொன்னார். தெரிந்து வாங்கியவர்கள் சண்டை போடவில்லை, மறுநாளும் வந்தார்கள். நோர்மா மாதா மாதம் வேலை தர ஆரம்பித்தார். அவர் சொல்லி இன்னும் இரண்டு ஹோட்டல்கள் வந்தன.

போட்ட முதலைப் பற்றி அண்ணன் கேட்பது நின்றது. ஆனால் கெடு போனதா, இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. "அத்தா என்ன நெனைக்கிறாங்க மாமி?" என்று அஃப்ரீன் என்னைக் கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

பெருநாளுக்கு முந்தின வாரம், பக்கத்தில் புடவைக் கடை வைத்திருக்கும் தங்கராஜு சாப்பிட வந்தார்.

"அண்ணே, நம்ம புள்ள எழுதுனதப் பாத்தேன். நம்ம கடைக்கும் ஒண்ணு எழுதித் தரச் சொல்லுங்க. சின்னதா போதும் லா. நம்ம புள்ளதானே."

'நம்ம புள்ள' என்று சொன்னவர்களுக்கெல்லாம் சும்மா எழுதிக் கொடுத்தே அஃப்ரீனுக்குப் பாதி நேரம் போயிருந்தது. பக்கத்தில் நின்றவள் வழக்கம்போலச் சரியென்று தலையாட்டப் போனாள். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தங்கராஜு, என் கடையில சாப்பிட்டா காசு குடுப்பியா, மாட்டியா?"

"குடுப்பேன்."

"அப்ப இதுக்கும் குடு."

"எவ்வளவுண்ணே?"

அண்ணன் மகளிடமிருந்து கையேட்டை வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். தட்டைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார்.

"பக்கம் ஐந்நூறு வெள்ளி."

அஃப்ரீன் அதுவரை இருநூறுக்கு மேல் யாரிடமும் கேட்டதில்லை. அவள் வாயைத் திறக்குமுன் காலை மிதித்துவிட்டேன். தங்கராஜு தலையைச் சொறிந்தார், பேரம் பேசவில்லை. "கல்லாவுல கட்டு" என்றார் அண்ணன். நான் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெருநாள் வந்தது, போனது. கல்லாவில் இன்னமும் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். முட்டி வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கட்டும்.