மாஸ்கில் ஒட்டிய கண்ணாடி

பக்கத்தில் இருக்கும் எழுத்து எனக்குத் தெரியவில்லை என்பதை என் மனைவியிடம் இரண்டு வருடம் மறைத்தேன். ஐம்பது தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றுமே இல்லை. மறைத்ததும், மறைத்ததைக் காப்பாற்றச் செய்ததும்தான் இப்போது என்னைப் பிடுங்கித் தின்கிறது.

கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். ஓடுகிற பம்ப் எவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் தள்ளுகிறது என்று கேஜைப் பார்த்துச் சொல்வதுதான் வேலை. எண்ணைப் படிக்க மாட்டேன். முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பத்தடி தள்ளி நின்று பார்த்தே சொல்லிவிடுவேன். "அவருக்குக் கழுகுக் கண்ணுங்க" என்று கம்பெனியில் பேச்சு. அந்தப் பேச்சில் எனக்கு ஒரு கிறுக்கு. அதனால்தான் என் மனைவி நாற்பத்தைந்து வயதில் கண்ணாடி போட்டபோது, கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர்கள் நடுவே, "பாருங்க, என்ற ஊட்டுக்கு ரிட்டையர்டு டீச்சரம்மா ஒருத்தங்க குடி வந்துட்டாங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அவளும் சிரித்தாள்.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அந்தமான் போனோம். அங்கே சிலிண்டரை முதுகில் மாட்டிக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அவளுக்கு அது பிடித்துப்போனது. ஊர் திரும்பியதும் கோவையிலேயே ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்து ஸ்கூபாவை முறையாகக் கற்றுக்கொண்டு, மறுபடி கடலுக்குப் போய் இரண்டு பேரும் சர்ட்டிஃபிகேட் வாங்கினோம். வாங்கியதை நான் ஊரெல்லாம் காட்டினேன். உண்மையில் கெட்டிக்காரி அவள்தான். உடுமலைப்பேட்டை பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். ஆறு வயதில் முதுகில் சுரைக்குடுவையைக் கட்டிக்கொண்டு அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் குதித்துப் பழகியவள். நான் சிங்காநல்லூர் லைன் வீட்டில் வாளியும் குவளையுமாகக் குளித்து வளர்ந்தவன். நாற்பது வயதில்தான் நீச்சலே கற்றேன்.

கண்ணாடி போடுகிறவர்கள், தண்ணீருக்குள் முகத்தில் மாட்டும் மாஸ்கிலேயே பவர் லென்ஸ் வைத்து வாங்கலாம் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். அவள் அன்றைக்கே ஆர்டர் கொடுத்தாள். "ஏனுங்க, உங்களுக்கும் ஒண்ணு சொல்லிப்போடட்டுங்களா? போன் பாக்கறப்போ கைய அவ்வளவு தூரம் நீட்டறீங்களே" என்றாள். "எனக்கெதுக்கு அம்மணி? கெழவிகளுக்குத்தான் அது" என்றேன். வாய்க்கொழுப்பு.

அவள் சொன்னது சரிதான். தண்ணீருக்குள் கேஜைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தால் எண்களெல்லாம் எறும்பு மொய்த்த மாதிரி கலங்கின. சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டுவது அந்தக் கேஜ்தான். அது தெரியாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்பதும் எனக்குத் தெரியும். அதற்கும் ஒரு குறுக்கு வழி தேடினேன். மாஸ்கின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும் லென்ஸ் ஆன்லைனில் கிடைத்தது. அரைவட்டமாக, நகத்தளவு, மெல்லிசாக இரண்டு துண்டு. பசை கிடையாது. தண்ணீரில் நனைத்து, கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வைத்து, குமிழ் இல்லாமல் விரலால் அழுத்தினால் ஸ்டிக்கர் பொட்டு மாதிரி பிடித்துக்கொள்ளும். நேரே பார்த்தால் உலகம் எப்போதும் போல. கண்ணைத் தாழ்த்தினால் எழுத்து பெரிதாகத் தெரியும். பார்சலைக் கம்பெனி விலாசத்துக்கு வரவழைத்தேன். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. பொடி எழுத்து. அதைப் படிக்க முடிந்திருந்தால் எனக்கு அந்தப் பார்சலே தேவைப்பட்டிருக்காது.

அந்த வருடம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மச்சான் வீட்டுக்குப் போனோம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். நல்ல மழை வருடம்; கிணற்றில் அறுபதடித் தண்ணீர் நின்றது. நோம்பிக்கு நாலு நாள் முன்னால் கயிறு அறுந்து சப்மெர்சிபிள் மோட்டார் அடியில் போய் உட்கார்ந்துவிட்டதாம். ஆனைமலைப் பக்கமிருந்து முழுகி எடுக்கிற ஆட்களை வரச்சொல்லியிருப்பதாக மச்சான் போனில் சொன்னபோது, நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு நானே சாட்சி ஆனேன். "நாங்க ரெண்டு பேரு சர்ட்டிஃபிகேட்டு வெச்சுட்டு இருக்கறப்போ ஆளு எதுக்குங்க மச்சான்? நாங்களே எறங்கிக் கயித்தக் கட்டிப்போடறமுங்க" என்றேன். நீச்சல் குளத்தில் கடலுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி சிலிண்டர்களையும் கேஜுகளையும் வாடகைக்கு வாங்கிக் காரில் ஏற்றினேன்.

நோம்பியன்று காலை, மச்சான் வீட்டுக் குளியலறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அந்த இரண்டு துண்டுகளையும் ஒட்டினேன். அரைமணி நேரத்தில் கிணற்றடிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாற்பது பேர் இருக்கும், கிணற்று மேட்டைச் சுற்றி நின்றார்கள். கண்ணாடியில் ஆவி பிடிக்காமலிருக்க மாஸ்குக்குள் எச்சில் துப்பித் தேய்ப்பது எங்கள் வழக்கம். பழக்க தோஷத்தில் துப்பி, நன்றாகத் தேய்த்தேன். ஒட்டியதை என் விரலாலேயே கிளப்பிவிட்டேன் என்று அப்போது உறைக்கவில்லை. காற்று எவ்வளவு என்று அவள்தான் இரண்டு கேஜையும் பார்த்து, "ரெண்டுலயும் எரநூறு இருக்குதுங்க" என்றாள். நானும் பார்ப்பது போல் பார்த்துத் தலையாட்டினேன்.

பாதி ஆழத்தில் ஒரு லென்ஸ் நழுவி மூக்குப் பக்கம் விழுந்தது. கொஞ்சம் தள்ளி மற்றதும் மடங்கிச் சரிந்தது. டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் பச்சையாக இருந்தது. கேஜைக் கண்ணருகே கொண்டுபோனேன், தள்ளிப் பிடித்தேன். முள்ளின் நிழல் மட்டும் தெரிந்தது. சரி, நமக்கென்ன, முள் சாய்ந்திருக்கும் பக்கத்தை வைத்தே சொல்கிற ஆள்தானே என்று எண்ணிக்கொண்டேன்.

அடியில் மோட்டார் சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. தோண்டித்தோண்டி எனக்கு மூச்சு வாங்கியது. அவள் என் முன்னால் வந்து, உள்ளங்கையை விரலால் தட்டி, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். முள் இருக்கும் சாய்வைப் பார்த்து நூறு என்று விரலால் காட்டினேன். நான் பழகிய கேஜில் வட்டத்தின் கடைசி எண் நானூறு. அன்று வாடகைக்கு வந்ததில் கடைசி எண் முன்னூறுதான். நான் நூறு என்று நினைத்த இடம் அதில் எழுபத்தைந்து. டெஸ்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவன் இப்படிச் செய்தால் நான் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

அந்தக் கேஜை அவள் முகத்துக்கு நேரே திருப்பியிருந்தால் போதும். அவளே படித்திருப்பாள். கையைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு மனசு வரவில்லை. தண்ணீருக்கடியில், யாருமே பார்க்காத இடத்தில், என் பெண்டாட்டியிடம் எனக்கு வறட்டுக் கௌரவம்!

கயிற்றைக் கட்டி முடிக்கும்போது குழாயில் காற்று இழுக்க இழுக்க வரவில்லை. அடுத்த இழுப்பில் ஒன்றுமே இல்லை. அவளிடம் இன்னொரு வாய்க்குழாய் இருந்தது. அதைக் கேட்பதற்கு ஒரு சைகை இருக்கிறது. எல்லாம் மறந்துபோய் அவள் வாயில் இருந்ததையே பிடுங்கினேன். அவள் கலங்காமல் மற்றதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, என் தோளை அழுத்திப் பிடித்து, மெதுவாக, மெதுவாக என்று கையால் காட்டினாள். நான் கேட்கவில்லை. அவள் சட்டையைப் பற்றியபடி காலை உதைத்து மேலே பாய்ந்தேன். அவளையும் இழுத்துக்கொண்டு போனேன்.

மேலே வந்தோம். அவள் படியைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இடது காதிலிருந்து ஒரு கோடு ரத்தம் கழுத்து வரை இறங்கியிருந்தது. மச்சான் பதறிப்போய் இறங்கி வந்து, "என்னாச்சுங்க மாப்ள? என்ற தங்கச்சிக்கு என்னாச்சு?" என்றார். நாற்பது முகங்கள் மேலே இருந்து எட்டிப் பார்த்தன. அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"அடில போயி அம்மணி பயந்துட்டாளுங்க மச்சான். அதான் இழுத்துட்டு வந்துட்டேன்."

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே வந்தது என்பதுதான் அசிங்கம். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அண்ணனிடம், "ஆமாங்கண்ணா, எனக்குத்தான் மூச்சு முட்டிருச்சு" என்றாள்.

நான் கட்டிய கயிறு மட்டும் உருப்படியாக இருந்தது. சாயங்காலம் மோட்டாரை மேலே தூக்கிவிட்டார்கள். பயந்துபோன பெண்டாட்டியையும் காப்பாற்றி, மோட்டாரையும் மீட்டவன் என்று எனக்குத் துண்டு போட்டார்கள். அதையும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

வேகமாக மேலே வந்ததில் காதுக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார் கோவை டாக்டர். கிழிசல் மூடிவிட்டது, இடது காதில் பாதிக்கு மேல் கேட்பதில்லை. மூன்றாம் நாள் அவள் மாஸ்குகளைக் கழுவினாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன், அதாவது பார்ப்பது போல் பிடித்திருந்தேன். மடங்கிப்போன ஒரு அரைவட்டத்தை மேஜைமேல் என் முன்னால் வைத்தாள்.

"எவ்வளவு பவருங்க?"

"ரெண்டு" என்றேன்.

"எனக்கும் ரெண்டுதானுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால், தட்டை வீசியிருந்தால், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று முதல் விசேஷ வீடுகளில் அவளுக்குப் புதுப்பேர் கிடைத்தது. "கெணத்துல பயந்த அம்மணி வந்துட்டாங்கொ" என்பார்கள். குளிக்கிற வாளியைக் காட்டி, "பாத்து கண்ணு, ஆழம்" என்று ஒருத்தர். அவள் சிரித்துவிடுவாள். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டியிருக்கிறேன். அதெல்லாம்கூடப் போகட்டும். அடுத்த தடவை தோட்டத்துக்குப் போனபோது அவள் பழையபடி நீந்தலாம் என்று கிணற்றுப் படியில் இறங்கினாள். மச்சான் ஓடி வந்து தடுத்துவிட்டார். "வேண்டாம் கண்ணு. ஒருக்கா பயந்த ஒடம்பு. நீ இனி எறங்கவே கூடாது" என்றார். பாசத்தில் சொன்னார். அவளும் அண்ணன் சொல்லைத் தட்டாமல் மேலே ஏறி வந்தாள். அந்தக் கிணற்றில் பிறந்து வளர்ந்த மீன் மாதிரி இருந்தவளை அதன் கரையில் நிறுத்திவிட்டேன்.

போன வருடம் நோம்பிக்குக் கிளம்பும்போது, இந்தத் தடவை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தோம். அவள் எனக்கு எதிர்ப் பந்தியில் இருந்தாள். யாரோ வழக்கம்போல, "அம்மணிக்குத் தண்ணி ஊத்தாதீங்கொ, பயந்துக்குவாங்க" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. நான் எழுந்து நின்றேன்.

"மச்சான், எல்லாரும் கேளுங்க. அன்னிக்குப் பயந்தது நானுங்க. எனக்குக் கண்ணு தெரியல. காத்து எவ்வளவு இருக்குதுன்னு பாக்கத் தெரியாம அவகிட்டப் பொய் சொன்னேன். காத்துத் தீர்ந்துபோயி அவ வாயில இருந்ததப் புடுங்குனேன். அவதான் என்னைக் காப்பாத்துனா. நான் இழுத்த இழுப்புலதான் அவ காது போச்சு. எல்லாந் தெரிஞ்சும் உங்ககிட்ட மாத்திச் சொல்லிப்போட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனிக் காறித் துப்பினாலும் சரி என்று நின்றேன்.

மச்சான் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தார். நேரே வந்து என் தோளைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா!" என்றார் பந்தியைப் பார்த்து. "பொண்டாட்டிய நாலு பேரு கேலி பேசறது பொறுக்காம, பழிய எல்லாம் தன் தலைல அள்ளிப் போட்டுக்கறாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசனப் பாக்க முடியுங்களா? இனிமே என்ற தங்கச்சிய யாராச்சும் பயந்தவன்னு சொன்னீங்கன்னா எனக்குக் கோவம் வந்துரும்."

"இல்லைங்க மச்சான், நெசமாலுமே..." என்றேன்.

"உக்காருங்க மாப்ள, உக்காருங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று அழுத்தி உட்கார வைத்தார். பெண்கள் வரிசையில் ஒருத்தி பெருமூச்சு விட்டு, "அம்மணி, நீ குடுத்து வெச்சவ" என்றாள். மச்சான் கறி வாளியைத் துழாவி, நல்லி எலும்பாகப் பொறுக்கி என் இலையில் வைத்தார்.

நான் தலையைத் தூக்கி என் மனைவியைப் பார்த்தேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"இதுலயும் நல்ல பேரு உங்களுக்கேங்களா?" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். எல்லோரும் அதையும் கேலி என்று நினைத்துக் கொல்லென்று சிரித்தார்கள். "சாப்பிடுங்க மாப்ள, ஆறிரும்" என்றார் மச்சான். நான் அந்த எலும்பை எடுத்துத் தின்றேன்.