பஷீர் பாய் வீட்டு காபியில் மணம் இல்லை

1. உப்பு

ஆம்பூரில் சில வீடுகளின் சமையலறையில் இத்தாலி காபி மெஷின் இருக்கும். தோல் வாங்க வரும் வெளிநாட்டு வியாபாரிகள் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனவை. அவற்றைச் சுத்தம் செய்து ஓட வைப்பது என் வேலை. பெண் என்பதால், பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளிலும் தயக்கமில்லாமல் கூப்பிடுவார்கள்.

காட்பாடி சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி ஒரு பழைய பாய்லரைத் திறந்து காட்டினார். உள்ளே சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, சின்னக் குகை மாதிரி இருந்தது. டார்ச் அடித்தால் மினுமினுத்தது. நான் வேலையை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னா, உள்ள குடி போகப் போறியா? எல்லாம் நம்ம ஊரு போர் தண்ணி உப்பு. லெமன் சால்ட் கலக்கி ஊத்து" என்றார்.

இன்றும் பாய்லரைத் திறந்தால் அந்தக் குகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கரைப்பேன். லெமன் சால்ட்டை வெந்நீரில் கலந்து டேங்கில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, ஊறவிட்டு, மறுபடி ஓடவிட வேண்டும். பிறகு புளிப்பு போகும்வரை நல்ல தண்ணீர். வினிகர் ஊற்றாதீர்கள். அந்த வாடை லேசில் போகாது.

2. மணம்

பஷீர் பாய் அறுபதைத் தாண்டியவர். பதப்படுத்திய தோலைத் தரம் பார்த்துப் பிரிப்பதில் பேர் பெற்றவர். அவர் மனைவி ஜரீனாம்மா, மகளின் பிரசவத்துக்காக பெங்களூர் போயிருந்தார். பாய் வீட்டில் தனியாக இருந்தார். அப்போதுதான் போன் வந்தது.

"மெஷின் ஓடுதும்மா. காபி வருது. ஆனா மணமே இல்ல. வெந்நி குடிக்கிற மாதிரி இருக்குது."

காலை பஸ்ஸில் போனேன். பாலாற்று மணலில் பனி படுத்திருந்தது. பாலத்தைக் கடக்கும்போது மணல் எது, பனி எது என்று தெரியவில்லை. எங்கே போகிறோம் என்பதே மறந்துபோகிற மாதிரியான காலை.

மணம் இல்லை என்றால் பெரும்பாலும் கிரைண்டர்தான் காரணம். காபிக்கொட்டையின் எண்ணெய் அதன் பல்லில் ஒட்டிக் காறிப்போகும். கழற்றி, தண்ணீர் படாமல் உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தேன். தூள் போடும் கைப்பிடியின் சல்லடையை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். பால் நுரைக்கும் குழாயின் முனையில் காய்ந்த பாலை ஊசியால் எடுத்தேன். ஒரு கப் போட்டுக் குடித்தேன். நன்றாக இருந்தது.

பாய் ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவால்லம்மா" என்றார். முகத்தில் பரவாயில்லை என்பது தெரியவில்லை.

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். ரப்பர் வாஷரை மாற்றினேன். பாய்லரில் இருந்த கொஞ்சநஞ்ச உப்பையும் கரைத்தேன். கொட்டையே பழசோ என்று, புதிதாக வறுத்ததை வாங்கிவரச் சொன்னேன். அரைத்ததும் வீடே மணத்தது. பாய் கப்பை முகர்ந்து பார்த்து, தலையை ஆட்டினார்.

"உன் மேல தப்பு இல்லம்மா. மெஷினுக்கு வயசாய்டிச்சு போல" என்றார்.

மூன்றாவது முறை அவர் கூப்பிடவில்லை. எனக்கே மனசு கேட்கவில்லை. அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனவள், எட்டிப் பார்த்தேன்.

கதவு லேசாகத் திறந்திருந்தது. வாசலிலேயே கேஸ் நாற்றம் மூக்கில் ஏறியது. உள்ளே ஓடினேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. திருகு திறந்தபடியே இருந்தது. பாய் அடுப்பு முன்னால் லைட்டரை எடுத்துக்கொண்டு நின்றார்.

"பாய், அத பத்த வைக்காதீங்க. கீழ வைங்க."

நான் கத்தவில்லை. அவர் திகைத்துப்போய் லைட்டரை மேடையில் வைத்தார். அடுப்பைத் திருகி மூடினேன், சிலிண்டரை மூடினேன், ஜன்னல்களைத் திறந்தேன். எந்த ஸ்விட்சையும் தொடவில்லை. அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

"இன்னாம்மா ஆச்சு?"

"கேஸு பாய். வீடு பூரா கேஸு. உங்களுக்குத் தெரியலையா?"

காற்று உள்ளே போய் கேஸ் வெளியேறும்வரை முருங்கை மரத்தடியில் நின்றோம். வெயில் இலை இலையாகத் தரையில் அசைந்தது. இவ்வளவு பெரிய காரியம் நடக்கவிருந்த இடம் போலவே இல்லை. பாய் சட்டைப் பையிலிருந்து அத்தர் குப்பியை எடுத்தார். மணிக்கட்டில் தடவி முகர்ந்தார். இன்னும் கொஞ்சம் தடவி முகர்ந்தார். அந்த வாசனையில் எனக்குத் தலையே சுற்றியது.

"எதுவுமே தெரியலம்மா" என்றார் மெதுவாக. "கொஞ்ச நாளா தொழுகையில பக்கத்துல நிக்கிறவங்க நகந்து நிக்கிறாங்க. ஏன்னு இப்பதான் புரியுது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவருக்கும்தான்.

"பால் பொங்கறது, சாம்பார் அடிபுடிக்கறது, எல்லாம் ஜரீனா சொல்லுவா. எனக்கு மூக்கு எப்ப போச்சுன்னே தெரியல. தோலைக் கையால பாக்கறது பாதி, மூக்கால பாக்கறது பாதி. இதை வெளிய சொன்னா எவன் என்ன நம்பி சரக்கு காட்டுவான்?"

"மொதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க. மத்தவங்களுக்கு அப்புறம் சொல்லலாம்" என்றேன். அங்கேயே நின்று ஜரீனாம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.

ஜரீனாம்மா அடுத்த ரயிலிலேயே வந்துவிட்டார். வேலூரில் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்து, மூக்குக்குள் சதை வளர்ந்திருப்பதாகச் சொன்னார். ஆபரேஷன் நடந்தது. மணம் திரும்பினால் திரும்பும், உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காபியில் மணம் இல்லை என்று யாராவது சொன்னால், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் கொஞ்சம் கொட்டையை அரைத்து அவர்கள் கையில் கொடுத்து முகரச் சொல்லுங்கள். மெஷினை அப்புறம் பார்க்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சில மாதம் கழித்து, வழக்கமான உப்பு எடுக்கும் வேலைக்காக அந்த வீட்டுக்குப் போனேன். பாய் ஏதோ ஒரு சரக்கு பார்க்க வெளியே போயிருந்தார். ஜரீனாம்மா எனக்கு காபி போட்டுக் கொடுத்தபடி சொன்னார்.

"போன வாரம் வேலூர்லேர்ந்து கார்ல வர்றோம். வழியில தோல் பதப்படுத்தற டேனரி ஒண்ணு. நாத்தம் தாங்கல, நான் துப்பட்டாவால மூக்க மூடிக்கிட்டேன். இவரு திடீர்னு வண்டிய ஓரங்கட்டச் சொல்றாரு. எறங்கிப்போய் சாக்கடை ஓரமா கண்ண மூடிக்கிட்டு நிக்கிறாரு. கூப்பிட்டா வர்ல. இழுத்து இழுத்து மூச்சு உடறாரு. எனக்கு ஒரே பேஜாரா போச்சு. அப்புறம் திரும்பி, 'ஜரீனா, எறங்கி வந்து பாரேன், இன்னா நாத்தம்'ங்கறாரு."

"நீங்க எறங்கினீங்களா?"

"பின்ன?" என்றார் ஜரீனாம்மா. "ரெண்டு பேரும் நின்னோம்."