மூன்றாம் கட்டத்தில் யாரும் குனியக் கூடாது

நொபோரு இசோகாய் படக்கதை வரையக் கற்றுக்கொள்ளப் போனபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நீகாத்தாவில் அரிசித் தட்டை செய்யும் ஒரு கம்பெனியில் முப்பத்து மூன்று வருடமாக ஒரே வேலை பார்க்கிறார்: மன்னிப்புக் கேட்பது. தட்டையில் தலைமுடி கிடந்தது, தட்டையைக் கடித்துப் பல் உடைந்தது என்று யாராவது போன் செய்தால், கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, இனிப்புப் பெட்டியோடு அவர்கள் வாசலில் போய் நின்று குனிய வேண்டும். பல் உடைந்தவர் வீட்டுக்கு அதே தட்டையைக் கொண்டுபோகக் கூடாது, மெத்தென்ற பயறு அல்வாதான் சரி என்ற ஞானம் அவருக்கு இரண்டாம் வருடத்தில்தான் வந்தது. ஊரில் தன் முகத்தைவிடத் தன் உச்சந்தலைதான் பிரபலம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

வகுப்பு சனிக்கிழமைகளில், நகர மன்றத்தின் மாடியில் நடந்தது. பத்து வாரம். சொல்லிக்கொடுத்த ஹொனமிக்கு முப்பத்தொரு வயது, பத்து விரல் நகத்திலும் மை. ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு கட்டம் போடச் சொன்னாள்.

“முதல் கட்டத்துல கதை ஆரம்பிக்கணும். ரெண்டுல வளரணும். மூணுல திரும்பணும். நாலுல முடியணும். அவ்வளவுதான் விஷயம்.”

இசோகாய் வரைந்தார். முதல் கட்டத்தில் வாடிக்கையாளர் கத்துகிறார். இரண்டில் இன்னும் கத்துகிறார். மூன்றில் ஒருவர் குனிகிறார். நான்கிலும் குனிகிறார்.

“நல்லாத்தான் குனியுறாரு, இசோகாய் சான். ஆனா திருப்பம் எங்க?”

“நாலாவதுல பதினஞ்சு டிகிரி கூடுதலா குனியுறாரு, டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் அவர் வரைந்த பூனை மீனைத் திருடிவிட்டு மீன்காரரிடம் குனிந்தது. அதற்கடுத்த வாரம் கடலிலிருந்து ஒரு பூதம் எழுந்து வந்து, துறைமுகத்தை மிதித்து நாசமாக்கிவிட்டு, மேயருக்கு முன்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு குனிந்தது. உண்மையில் இசோகாய்க்கு முகம் வரைய வராது. குனிந்த ஆளுக்கு ஒரு வட்டமும் நாலு மயிரும் போதும். தெரிந்ததை வைத்துப் பிழைப்பை ஓட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

இந்தக் கூத்தெல்லாம் மகளுக்காக. மிச்சிருவுக்கு இப்போது முப்பது வயது. பத்தொன்பது வயதில் அவள் இரண்டு பெட்டி நிறையப் படக்கதை வரைந்து வைத்திருந்தாள். நகராட்சி வண்டி பழைய காகிதம் எடுக்கும் புதன்கிழமை காலையில், அப்பா அந்தக் காகிதத்தையெல்லாம் விதிப்படி குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டுக் கட்டி, எட்டு மணிக்குள் தெருமுனையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவள் கேட்டபோது, “மேல பேரு எழுதி வைக்கக் கூடாதா? பழைய பேப்பர்னு நினைச்சேன்” என்றார். ஊருக்கெல்லாம் வளைந்த முதுகு வீட்டில் மட்டும் வளையவில்லை. அடுத்த வசந்தத்தில் அவள் சென்டாய் நகரத்துக்குப் போனவள்தான். போன் வந்தால் அம்மாவுக்கு மட்டும். பதினொரு புத்தாண்டு அவள் இல்லாமல் போயிற்று.

கடிதம் எழுதிப் பார்க்காமல் இல்லை. ஐந்து எழுதினார். ஐந்தும், ‘தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்றே வந்தன. மனைவி கினுயோ ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு, “புகார் நம்பர் போடலையா?” என்று கேட்டாள். கடிதத்தில் தனக்கு வாய் இல்லை என்று தெரிந்த பிறகுதான், மகளுக்குத் தெரிந்த பாஷையில் நான்கு கட்டம் வரைந்து அனுப்பலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஆறாம் வாரம் அந்தக் கதையைத் துணிந்து வரைந்தார். ஒருவர் காகிதக் கட்டைக் கட்டுகிறார். மகள் கேட்கிறாள். அவர் குனிகிறார். இன்னும் குனிகிறார்.

ஹொனமி வெகுநேரம் பார்த்தாள். யாருடைய கதை என்று அவளுக்குத் தெரியாது.

“மூணாவது கட்டத்துல யாரும் குனியக் கூடாது, இசோகாய் சான். இவரு தெரியாம கட்டிட்டாருன்னா அது விபத்து. விபத்துக்கு ஒரு மனுஷன் இவ்வளவு குனிவாரா? எனக்கு நம்பிக்கை வரல. தலையை நிமித்துங்க. முகத்தைக் காட்டுங்க.”

இசோகாய் பென்சிலைப் பெட்டியில் வைத்து மூடினார். வகுப்புக்கே முழுக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்தபடி வீட்டுக்கு நடந்தார். அவள் சரியாகத்தான் பிடித்துவிட்டாள். அவர் தெரியாமல் கட்டவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை வாசலில் வைத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார். மேலே இருந்த கதை மட்டும் நாற்பது பக்கம். பக்கத்துக்குப் பக்கம் கறுப்புக் கோட்டுப் போட்ட ஓர் ஆள், உச்சந்தலையில் நாலு மயிரோடு, குனிந்துகொண்டே இருந்தான். தபால் பெட்டிக்குக் குனிந்தான். எதிர்வீட்டு நாய்க்குக் குனிந்தான். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்ததற்காக உள்ளே இருந்த முட்டைகளுக்குக் குனிந்தான். பெற்ற மகளுக்கே தன்னைப் பார்த்தால் இப்படித்தான் தெரிகிறது என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. கயிற்றை எடுத்து இறுக்கிக் கட்டினார். இதைப் பதினொரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைந்தார். முதல் கட்டத்தில் பெட்டியைத் திறக்கிறார், பக்கத்தில் கறுப்பாக ஒரு கயிற்றுச் சுருள். இரண்டில் படிக்கிறார், கையில் இருக்கும் பக்கத்தில் நாய்க்குக் குனியும் ஆள். மூன்றில் முகம், கோபமாக. நான்கில் முடிச்சுப் போடும் கை. வசனம் ஒன்றுகூட இல்லை. மன்னிப்பும் இல்லை. வாழ்க்கையில் அவர் வரைந்த முதல் முகம் அது.

கினுயோ எட்டிப் பார்த்தாள். “இது என்னங்க, உருளைக்கிழங்கா?”

“நான்தான்.”

அவள் நான்கு கட்டத்தையும் மேலிருந்து கீழே பார்த்தாள். அப்புறம் உறை எடுத்துவரப் போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து அதே தாள் திரும்பி வந்தது. பத்திரிகை ஆபீசில் திருத்துவதுபோல் ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில்.

‘கட்டம் 1: கயிறு வெள்ளை. கறுப்பு அடிக்க வேண்டாம்.

கட்டம் 2: நாய் நல்லா வந்திருக்கு.

கட்டம் 3: தப்பு. தெரியாம கட்டலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், மாடி ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நாய்க்குக் குனியுற பக்கத்தைப் படிக்கும்போது நீங்க சிரிச்சீங்க, அப்பா. தோள் குலுங்கச் சிரிச்சீங்க. என்னைக் கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன். அதுக்கப்புறம்தான் கயிறை எடுத்தீங்க. கட்டினதுக்கு இல்ல, சிரிச்சதை மறைச்சதுக்குத்தான் எனக்குக் கோபம்.

புத்தாண்டுக்கு வர்றேன். அதுக்குள்ள திருத்தி வைங்க.’

இசோகாய்க்கு அந்தச் சிரிப்பு நினைவிலேயே இல்லை. எரிச்சலை மட்டும் பதினொரு வருடம் பத்திரமாக வைத்திருந்தார். தன்னையறியாமல் தாளுக்கு முன்னால் இடுப்பு வளைந்தது.

“யாருக்குக் குனியுறீங்க?” என்றாள் கினுயோ.

“சென்டாய்க்கு.”

“சும்மா நிமிருங்க.”

நிமிர்ந்தார். அழிரப்பரை எடுத்து உருளைக்கிழங்கின் வாயை அழித்தார். சிரிக்கிற வாய் எப்படி இருக்கும் என்று ஹொனமி இன்னும் சொல்லித் தரவில்லை, அது ஒன்பதாம் வாரப் பாடம். கண்ணாடி முன் நின்று பார்த்தார். வந்ததெல்லாம் வாடிக்கையாளருக்கான சிரிப்பு.

“கினுயோ, கொஞ்சம் சிரி.”

“எதுக்கு? பைத்தியமா எனக்கு?”

ஆனால் வாயில்லாத உருளைக்கிழங்கைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இசோகாய் அது அடங்குவதற்குள் பென்சிலை எடுத்து, அவள் வாயைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்.